எந்த வாசலில் நின்று கேட்டார்கள்?

கள்ளக்குறிச்சிச் சீமை – 19

கல்வராயன் மலையைப் பற்றி அச்சேறிய பழைய குறிப்புகளில் பெரும்பாலானவை வரி வாங்க வந்தவர்கள் எழுதியவை. 1878-இல் தென்னாற்காடு மாவட்டக் கையேட்டைத் தொகுத்தவர் கார்ஸ்டின். 1883-இல் சேலம் மாவட்டக் கையேட்டை வெளியிட்டவர் லெஃபானு. 1906-இல் தென்னாற்காடு கெசட்டியரை எழுதியவர் பிரான்சிஸ். மூவரும் ஆங்கில அரசின் உயர் அதிகாரிகள். மலையின் உயரம், காட்டின் பரப்பு, விளையும் தானியம், ஜாகீர்தாருக்குப் போகும் வரி, குடிகளின் குணம் என்று வரிசையாக எழுதிவைத்தார்கள். நாம் இந்தத் தொடரில் எடுத்தாண்ட தகவல்களில் பலவும் இவர்களுடைய ஏடுகளிலிருந்து வந்தவைதான்.

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்களின் பிடியில் மலை இருந்ததையும், 1976-இல்தான் அது அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். இந்த இதழில் கொஞ்சம் நின்று, நம் கையில் இருக்கும் ஏடுகளையே விசாரிக்க வேண்டியிருக்கிறது. மலையையும் அடிவாரத்தையும் பற்றி நாம் அறிந்தவை எப்படி அறியப்பட்டன? ஊருக்குள் வந்தவர்கள் யார், யாரிடம் கேட்டார்கள், எவ்வளவு நாள் இருந்தார்கள், திரும்பி வந்தார்களா? சமூக அறிவியலில் களப்பணி என்று சொல்லப்படும் வேலையை மனிதர்கள் கற்றுக்கொண்ட கதை இது. அந்தக் கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் பழைய தென்னாற்காட்டு மண்ணிலேயே நடந்திருக்கிறது.

அளவுகோலோடு வந்தவர்கள்

1901-இல் ஆங்கில அரசு இந்தியா முழுவதும் இனவரைவியல் கணக்கெடுப்புக்கு ஒப்புதல் தந்தது. சென்னை மாகாணத்தில் அந்தப் பொறுப்பு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனிடம் வந்தது. கே. ரங்காச்சாரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் தொகுத்த ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 1909-இல் 7 தொகுதிகளாக வெளிவந்தது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிகளுக்கும் அதில் ஒரு நீண்ட பதிவு உண்டு.

தர்ஸ்டனின் முறை அளவெடுப்பது. தலையின் நீளம், மூக்கின் அகலம், உடலின் உயரம் ஆகியவற்றை அளந்தால் மக்களை வகை பிரித்துவிடலாம் என்று அக்கால அறிவியல் நம்பியது. அளக்கப்பட்டவர்கள் அந்தக் கருவிகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். வயநாட்டில் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்கள். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பாடம் பண்ணி அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று பயந்தார்கள். நீலகிரியில், பழைய வழக்கொன்றில் போலீஸ் தேடிக்கொண்டிருந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று நினைத்து அதன் கீழே நிற்க மறுத்துவிட்டார். அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அரசாங்கத்தோடு தங்களுக்கு இருந்த உறவை அந்த மக்கள் சரியாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

மலையாளிகளைப் பற்றி அந்தக் கால ஏடுகளெல்லாம் ஒரு கதையைச் சொல்கின்றன. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்கள். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள். அவர்களுடைய வம்சம்தான் இன்றைய குடிகள். இன்றும் மலையில் வழங்கும் கதை இது. அதன் மதிப்பில் குறைவில்லை. ஆனால் ஏடுகளில் ‘இவர்கள் இவ்வாறு சொல்கிறார்கள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. சொன்னவர் ஊர்க் கவுண்டரா, காட்டில் கடுக்காய் பொறுக்கும் பெண்ணா, ஜாகீர்தாரின் ஆளா என்று வாசிப்பவர் அறிய வழியில்லை. ஒரு குடி முழுவதும் ஒரே வாயால் பேசியதுபோல எழுதும் பழக்கம் அப்போது தொடங்கியது. இன்றைய செய்தித்தாள்களிலும் அது தொடர்கிறது.

பெயர்களைக் கேட்டவர்

தர்ஸ்டன் அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1901-02-இல், டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் நீலகிரிக்கு வந்தார். 1898-இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழுவில் இருந்தவர். அங்கே உருவாக்கிய ஒரு முறையை நீலகிரியின் தோடர் பழங்குடிகளிடம் முழுமையாகச் செய்து பார்த்தார்.

‘உங்கள் குலத்தில் யாரை யார் கட்டலாம்?’ என்று பொதுவாகக் கேட்டால், பெரியவர்கள் நடக்கவேண்டிய முறையைச் சொல்வார்கள். உண்மையில் நடந்தது வேறாக இருக்கலாம். அதனால் ரிவர்ஸ் பெயர்களைக் கேட்டார். உன் அப்பா யார், அவரைப் பெற்றவர் யார், உன் அக்காவை எந்த மந்தில் (தோடர் குடியிருப்பில்) கொடுத்தார்கள், அவளுடைய பிள்ளைகள் யார் என்று குடும்பம் குடும்பமாக வம்சாவளியை எழுதினார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டார். அந்தப் பெயர்களுக்குள்ளிருந்து திருமண முறையும் சொத்துரிமையும் சடங்கும் தாமே வெளிப்பட்டன. 1906-இல் ‘தோடர்கள்’ நூல் வந்தபோது அது உலகெங்கும் களப்பணிக்கு ஒரு பாடநூலானது. இன்றும் மானிடவியல் மாணவர் ஊருக்குள் போனதும் செய்யும் முதல் வேலைகளில் வம்சாவளி எழுதுவது ஒன்று.

அந்த நூலின் தொடக்கத்தில் ரிவர்ஸ் மறைக்காமல் எழுதிய ஒரு செய்தி, முறையைவிடப் பெரிய பாடம். தோடர்கள் புனிதமாகக் கருதும் பால்மடத்துச் சடங்கு ரகசியங்களை அவரிடம் சொன்னவர்களில் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பம் வந்தது; நோயும் வீட்டில் சாவும் நேர்ந்தன. குறி சொல்பவர்கள், அந்நியனிடம் தெய்வ காரியத்தைச் சொன்னதால் வந்த வினை என்றார்கள். அதற்குப் பிறகு பலர் வாய் திறக்கத் தயங்கினார்கள். நூல் எழுதியவருக்குப் புகழ் வந்தது. சொன்னவர்கள் தங்கள் ஊருக்குள் குற்ற உணர்வோடு வாழ வேண்டியிருந்தது. களப்பணியில் ஈடுபடும் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது: நான் எழுதிக்கொண்டு போன பிறகு, சொன்னவருக்கு என்ன ஆகும்?

இருவேல்பட்டின் ஐந்து கணக்குகள்

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை போய் விழுப்புரம் நோக்கித் திரும்பினால், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் இருவேல்பட்டு இருக்கிறது. பார்வைக்கு மற்ற ஊர்களைப் போன்றதுதான். சமூக அறிவியல் படிப்பவர்களுக்கோ அது இந்தியாவிலேயே அபூர்வமான ஊர்.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இந்தியப் பொருளாதாரத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி, கில்பர்ட் சிலேட்டரை அழைத்துவந்தது. அதற்குமுன் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிக்கும் ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்டு உழவர்கள் நிலமிழந்த வரலாற்றை எழுதியவர். சென்னைக்கு வந்தவர், பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் இங்கிலாந்தின் சந்தையும் ஆலையும்தான் என்பதையும், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களின் ஊர்களைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை என்பதையும் கண்டார். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை எளியது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு கேள்விப் பட்டியலை எடுத்துப் போங்கள். ஊரில் எத்தனை வீடு, நிலம் யாரிடம் எவ்வளவு, குத்தகை எப்படி, கூலி பணமாகவா நெல்லாகவா, கடன் யாரிடம், வட்டி என்ன, பள்ளிக்கூடம் உண்டா, குடிநீர் எங்கிருந்து என்று விசாரித்து எழுதி வாருங்கள்.

1916-இல் தொடங்கிய அந்த வேலையிலிருந்து ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்ற நூல் 1918-இல் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலைபுரம், தஞ்சைச் சீமையின் பாலக்குறிச்சி, வடாற்காட்டுத் தூசி ஆகியவற்றோடு தென்னாற்காட்டிலிருந்து இருவேல்பட்டும் அதில் இடம்பெற்றது.

நிலத்தில் பெரும்பங்கு ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் கையில் இருந்ததை அந்த அறிக்கை காட்டியது. பண்ணையில் கட்டுண்டிருந்த படியாட்களைப் பற்றியும் சொன்னது. கல்யாணச் செலவுக்கு வாங்கிய சிறு கடன். அதைத் தீர்க்க வழியில்லாமல் உழைப்பையே ஈடு வைத்தது. அப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில் ஏறியது. அதுவரை வருவாய்த் துறைப் பதிவேட்டில் பட்டாதாரரின் பெயர்தான் இருந்தது. படியாளுக்கு அதில் இடமில்லை. ஒரு கல்லூரி மாணவர் கேள்விப் பட்டியலோடு தெருவில் நடந்தபோதுதான் அந்த வாழ்க்கை அச்சுக்கு வந்தது.

இருவேல்பட்டு அபூர்வமானதற்குக் காரணம் 1916 மட்டும் இல்லை. ஆய்வாளர்கள் அங்கே திரும்பத் திரும்பப் போனார்கள். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களில் சிலேட்டரின் ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் நூலாக்கினார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980-களின் தொடக்கத்தில், ஆட்சிப் பணியிலிருந்து சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்சரும் ஆய்வு செய்தார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் ஐந்தாம் முறையாக ஆராய்ந்தார்கள். 92 ஆண்டுகளில் ஒரே ஊரில் ஐந்து ஆய்வுகள்.

ஒருமுறை எடுத்த கணக்கு, ஊர் அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்லும். ஐந்து கணக்குகளை அடுக்கி வைத்தால், ஊர் எப்படி மாறியது, எது எளிதில் மாற மறுத்தது என்பது தெரியும். 1916-இல் அசைக்க முடியாததாகத் தெரிந்த பண்ணையின் பிடி பின்னால் தளர்ந்தது. படியாள் முறை போனது. வயல் வேலையை மட்டுமே நம்பியிருந்தவர்கள் ஊருக்கு வெளியே கூலிக்குப் போகத் தொடங்கினார்கள். ரேஷன் அரிசியும் அரசுத் திட்டங்களும் கூலிக்காரரின் பேரம் பேசும் வலிமையைக் கொஞ்சம் கூட்டின. அவ்வளவு மாறியும் ஊர்த் தெருவும் காலனியும் தனித்தனியாகவே இருந்தன. இதையெல்லாம் ஒரு தேர்தல் காலத்தில் வந்து போகிறவர் சொன்னால் கருத்து. ஐந்து தலைமுறை ஆய்வாளர்கள் வீட்டுப் பட்டியலோடு சொல்லும்போது அது வரலாறு.

தங்கிய வீடும் திறந்த கதவும்

சிலேட்டரின் முறைக்கு ஒரு குறை இருந்தது. அன்று பல்கலைக்கழகம் வரை வந்த மாணவர்களில் பெரும்பாலோர் நிலமும் படிப்பும் உள்ள சாதிகளின் பிள்ளைகள். சொந்த ஊரில் அவர்களுக்கு எல்லோரையும் தெரியும். எல்லோருக்கும் அவர்களையும் தெரியும். பண்ணையார் வீட்டுத் தம்பி நோட்டோடு வந்து ‘உனக்குக் கூலி எவ்வளவு?’ என்று கேட்டால் படியாள் என்ன பதில் சொல்வார்?

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதை வெளிப்படையாக எழுதத் தொடங்கினார்கள். ஆந்த்ரே பெத்தேல் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்தில் ஓர் ஊரில் தங்கினார். அதற்கு அவர் வைத்த மறைபெயர் ஸ்ரீபுரம். 1965-இல் வந்த ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்ற நூலில், தான் அக்கிரகாரத்தில் தங்கியதையும், அதனால் ஊரார் தன்னைப் பிராமணர்களில் ஒருவராகவே பார்த்ததையும், ஆதிதிராவிடர் தெருவோடு அதே நெருக்கம் தனக்குக் கிடைக்காததையும் சொல்லியிருக்கிறார். அந்த ஒப்புதலால் நூலின் மதிப்பு கூடியது. எந்தத் திண்ணையிலிருந்து ஊரைப் பார்த்தார் என்று தெரிந்தால்தான் அவர் கண்ணுக்கு எது தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது என்று வாசகர் எடைபோட முடியும்.

இருவேல்பட்டுக்கு வந்த ஜோன் மென்சர் 1974-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை சாதி அமைப்பைக் கீழேயிருந்து பார்த்தது. மேலே இருப்பவர்கள் சாதியைத் தூய்மை, தர்மம், ஒத்துழைப்பு என்று விளக்குகிறார்கள். சேரியில் கேட்டால் அது கூலியாகவும் அடியாகவும் பசியாகவும் விளக்கப்படுகிறது என்பதே அதன் சாரம். செங்கல்பட்டுப் பகுதியின் ஊர்களில் பல காலம் பழகிய பிறகு அவர் எழுதியது அது.

யாரிடம் கேட்பது என்பது முறை பற்றிய கேள்வியாக மட்டும் நிற்பதில்லை. நீதியும் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகளின் வாச்சாத்திக்குள், சந்தன மரம் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் நுழைந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பதே நீண்ட காலம் அதிகாரிகள் சொன்ன பதில். பழங்குடி அமைப்பினரும், ஆதிதிராவிடர்–பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியும் ஊருக்கே போய்ப் பெண்களிடம் பொறுமையாகக் கேட்டு எழுதியதால்தான் அந்தப் பொய் உடைந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. கல்வராயன் மலை மக்களின் உறவுக்காரர்கள் வாழும் ஊர் அது. அலுவலக மேசையில் எழுதிய அறிக்கைக்கும் வாசலில் உட்கார்ந்து கேட்டதற்கும் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கருணாபுரம், ஜூன் 2024

இந்தப் பின்னணியோடுதான் நாம் கருணாபுரத்துக்கு வர வேண்டும்.

2024 ஜூன் 18-க்குப் பிறகு கள்ளக்குறிச்சி நகரத்தின் இந்தக் குடியிருப்பில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து விழுந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் என்று போய் உயிரைப் பறிக்கும். முதல் சாவுகளுக்குக் கள்ளச்சாராயம் காரணமில்லை என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. அதே நேரத்தில் தெருவில் இருந்தவர்களுக்கு யார் எங்கே என்ன குடித்தார் என்று தெரியும். கேட்கப்படவேண்டியவர்களிடம் கேட்கப்படுவதற்குள் மணி நேரங்கள் கடந்தன. சாவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று மருத்துவமனைகள் நிறைந்தன. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் அவர்களில் உண்டு. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலும் இதே விஷம் 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது.

நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி உயர் நீதிமன்றம் ஜூலையில் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. தலைவர்கள் வந்தார்கள், உண்மை அறியும் குழுக்கள் வந்தன, எல்லாத் தொலைக்காட்சிகளும் வந்தன. தாலியறுத்த பெண்கள் ஒரே கதையை மைக்குக்கு மைக் சொன்னார்கள்.

அத்தனையும் தேவைப்பட்டவைதான். ஆனால் அந்த வாரத்தில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அன்று என்ன நடந்தது? அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்தத் தெரு எப்படி வாழ்ந்தது என்ற கேள்விக்கு நாளும் பொறுமையும் வேண்டும். கூலி வேலை வருஷத்தில் எத்தனை மாதம் கிடைக்கிறது? எந்த வேலையின் உடல்வலி எந்த நேரத்தில் சாராயத்தைத் தேட வைக்கிறது? வாரக் கடன், மாதக் கடன் யாருடைய பெயரில் இருக்கிறது? டாஸ்மாக் பாட்டிலுக்கும் பாக்கெட் சாராயத்துக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு வீட்டுச் செலவில் என்னவாகிறது? குடும்பத்தை நடத்தும் பெண்ணுக்கு விற்பவர்மேல் புகார் கொடுக்கும் துணிவு ஏன் வரவில்லை, வந்தபோது என்ன ஆனது? இவற்றுக்கான விடைகள் இல்லாமல் எந்த மதுவிலக்கு நடவடிக்கையும் அடுத்த ஊரில் நடக்கப்போவதைத் தடுக்காது.

மலையின் கதையும் இதுவே. சாராய ஊறல் அழிக்கப்பட்ட லிட்டர் கணக்கு மட்டும் செய்தியாகி, கல்வராயன் என்றாலே சாராயம் என்று பேர் விழுந்துவிட்டது. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிடுகிறவர்கள், கடுக்காய்ப் பருவத்துக்குக் காத்திருப்பவர்கள், வேலை தேடி வெளிமாநிலத் தோட்டங்களுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள், வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தும் பட்டாவுக்காக அலைபவர்கள் அந்தச் செய்திக்குள் இல்லை.

கற்றுக்கொள்ள வேண்டியவை

இந்த மாவட்டத்தின் கல்லூரிகளில் சமூகவியலும் பொருளாதாரமும் வரலாறும் சமூகப் பணியும் படிக்கும் மாணவர் ஒருவர் கருணாபுரத்திலோ கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ களப்பணி தொடங்க நினைத்தால், மேலே சொன்ன நூற்றாண்டு அனுபவம் அவருக்குச் சில வழிகளைக் காட்டுகிறது.

முதலில் துக்கத்தைத் தொடாதீர்கள். சாவு விழுந்த வீட்டுக் கதவைத் தட்டித் தொடங்குவது களப்பணி ஆகாது. தெருவின் படத்தை வரையுங்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, கோயில், ஆட்கள் வேலைக்கு நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு வீடு வீடாகப் பட்டியல். பிறகு ரிவர்ஸ் செய்ததுபோல் உறவுகள்: இந்த வீட்டுப் பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார்கள், மருமகள் எந்த ஊர், வந்து எத்தனை வருஷம். பெயர்களும் ஊர்களும் சேரும்போது பேச்சு தானாக வரும். ‘ஏன் குடிக்கிறார்கள்?’ என்று கேட்டால் அறிவுரை போன்ற பதில்தான் வரும். ‘நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீங்க, எங்கே வேலை, கையில் எவ்வளவு வந்துச்சு, யாருக்குக் கொடுத்தீங்க?’ என்று கேட்டால் ஒரு நாள் முழுவதும் உங்கள் முன் விரியும்.

‘எந்த ஊரு தம்பி? யாரு அனுப்புனாங்க? லோன் எதாச்சும் வருதா?’ என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்வதே உங்கள் முதல் தேர்வு. அரசுத் திட்டம் வரும் என்று ஆசை காட்டிப் பெற்ற தகவல், சொல்பவர் அதற்கேற்ப மாற்றிய தகவலாகத்தான் இருக்கும். பகலில் போனால் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் அந்தி நேரத்தில் போங்கள். ஆண்கள் இருக்கும்போது பெண்கள் ஒன்று சொல்வார்கள், தனியே இருக்கும்போது வேறு சொல்வார்கள்; இரண்டையும் எழுதுங்கள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, உங்களுக்குத் தோன்றியது ஆகிய மூன்றையும் கலக்காமல் அன்று இரவே எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதினால் தோன்றியது கண்டதாக மாறியிருக்கும்.

பெயரை மறைப்பது பற்றிக் கூடுதல் கவனம் வேண்டும். பெத்தேல் தம் ஊரை ஸ்ரீபுரம் ஆக்கினார். காத்லீன் கஃப் தஞ்சையில் தாம் ஆராய்ந்த ஊரைக் கும்பப்பேட்டை என்றார். கருணாபுரத்துக்கு அந்த வசதி இல்லை. நாடறிந்த ஒரு நிகழ்வின் பெயராக அது ஆகிவிட்டது. மறைக்க முடியாத ஊரில் மனிதர்களை இன்னும் கவனமாக மறைக்க வேண்டும். வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றையும் சேர்த்து எழுதினாலே தெருவில் யாரென்று தெரிந்துவிடும். சாராயம் விற்றவர் யார் என்று ஒருவர் உங்களை நம்பிச் சொன்னால், வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு உங்கள் நோட்டுக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்குத் தேவையில்லாத பெயரைக் கேட்காமல் இருப்பதே அவருக்கு நீங்கள் செய்யும் முதல் நன்மை.

யார் எழுதப்போகிறார்கள்?

1916-க்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. சிலேட்டரின் வகுப்பில் படியாளின் மகன் இல்லை. இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் காலனித் தெருக்களிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் இருக்கிறார்கள். ‘விடுமுறையில் உன் ஊரை ஆராய்ந்து எழுது’ என்ற அதே வேலையை இவர்களிடம் கொடுத்தால், நூறு ஆண்டுகளாக எந்த ஆய்வாளரும் நிற்காத வாசலிலிருந்து ஊர் பார்க்கப்படும்.

சொந்தத் தெருவை ஆராய்வதற்கும் பயிற்சி வேண்டும். பழகிய கண்ணுக்குப் பல விஷயங்கள் தெரியாமல் போகும். இன்னார் வீட்டுப் பிள்ளை என்பதாலேயே பங்காளிகள் சிலவற்றை மறைப்பார்கள். எழுதியதை ஊர் படிக்கும். எழுதியவர் அந்த ஊரிலேயே வாழ வேண்டும். இவற்றை வகுப்பில் பேசி, ஆசிரியர் கூடவே நடந்து கற்றுத்தர வேண்டும். நூறு பக்க வினாத்தாளை நிரப்பி மதிப்பெண் வாங்கும் ‘ஃபீல்டு விசிட்’ அதற்குப் போதாது.

கருணாபுரத்திலும் கல்வராயன் மலையின் ஓர் ஊரிலும் இப்போதே ஒரு முழு வீட்டுக் கணக்கும் தெருப் படமும் வம்சாவளியும் எடுத்து, தனி அடையாளங்களை நீக்கி, ஒரு கல்லூரி நூலகத்தில் பத்திரப்படுத்தலாம். ஊராரின் மொழியிலேயே சுருக்கி அச்சடித்து அவர்கள் கையிலும் கொடுக்கலாம். 2034-இல் இன்னொரு மாணவர் கூட்டம் அதே வீடுகளுக்குப் போகட்டும், 2044-இல் இன்னொன்று. தாய் அல்லது தகப்பனை இழந்த பிள்ளைகள் படித்தார்களா, அரசு சொன்னது வந்ததா, கூலி உயர்ந்ததா, பாக்கெட் சாராயம் ஒழிந்ததா, மலைக்குச் சாலையும் பட்டாவும் போனதா என்பதை அப்போது யாரும் மறுக்க முடியாத கணக்காகச் சொல்ல முடியும். இருவேல்பட்டுக்கு அந்த ஏடுகள் கிடைத்தன. கருணாபுரத்துக்கும் அவை கிடைக்க வேண்டும். அதை எழுதும் கை அந்தத் தெருவிலிருந்தே வர வேண்டும்.

(அடுத்த இதழில்: கோமுகி ஆறும் அணையும்)